சூரியப் பலகைக்கு ஆஃப் டே

1

இந்தக் கதை ஒரு தோசை கிடைக்காததால் பிறந்தது. பெரிய காரணம் எதுவும் இல்லை.

வாரத் தொடரின் அத்தியாயத்தை ஞாயிறு மாலைக்குள் அனுப்பிவிடுவேன். திங்கள் காலை ஈப்போவில் நஜ்முதீன் கடையில் போய் உட்கார்ந்து, யாரையும் அழவைக்காமல், யாரையும் கொல்லாமல், நிம்மதியாக ஒரு தோசை சாப்பிடுவேன். அன்றைக்கு நான் நாற்காலியை இழுப்பதற்குள்ளேயே நஜ்முதீன் கல்லாவிலிருந்து கையை ஆட்டிவிட்டார்.

"தோசை இல்லக்கா. ரொட்டி சானாய் சொல்லவா?"

மாவு தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன்.

"மாவே வரல. நேத்து ஞாயித்துக்கிழமல்ல, பேனலுக்கு ஆஃப் டே."

எந்தப் பேனல் என்றேன். மாவு அரைக்கும் வீட்டுக் கூரைமேல் இருக்கும் சூரியப் பேனல் என்றார். அதற்கு எதற்கு ஆஃப் டே என்றேன்.

"அதத்தான் நானும் கேக்குறேன். கேட்டா, அந்த வீட்டு அண்ணன் சங்கத்துல பேசிக்கங்கன்றாரு."

பத்திரிகைக்கு எழுத ஆரம்பித்த நாளிலிருந்து காணாமல்போன உயில், இரட்டைப் பிள்ளைகள், கண் தெரியாததுபோல் நடிக்கும் மாமனார் எல்லாம் எழுதியாயிற்று. சூரியப் பலகைக்கு வார விடுமுறை கேட்கும் சங்கத்தை நான் எழுதியதில்லை. ரொட்டி சானாயை ஆறவிட்டு, முழுவதையும் சொல்லச் சொன்னேன். மறுநாளே என் பழைய காரை எடுத்துக்கொண்டு, மாவு வருகிற லகாட்டுக்குப் போனேன்.

2

தொடங்குவதில்தான் சிக்கல். மூன்று முறை தொடங்கினேன். மூன்றையும் இங்கேயே விட்டுவைக்கிறேன். வீடு கட்டிய இடத்தில் கொஞ்சம் செங்கல் கிடப்பது தவறில்லை.

முதல் தொடக்கம்: "கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பின்னால் சூரியன் மெல்ல எழுந்தபோது, அப்பாவுவின் தகரக் கூரையில்" — (நிறுத்திவிட்டேன். சூரியன் மெல்ல எழுந்தால் வாசகர் வேகமாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.)

இரண்டாவது: "பெரோவ்ஸ்கைட் என்பது ஒருவகைப் படிக அமைப்பு. அதன்" — (இது பாடப்புத்தகம்.)

மூன்றாவது: "வீரம்மா மாவாட்டிக்கொண்டிருந்தாள்."

(இதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த வாக்கியம் வரவில்லை. மாவாட்டும் பெண்ணை ஒரு வரி எழுதிவிட்டு எல்லோரும் அவளுடைய கணவனிடம்தான் போகிறோம். நானும் போனேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

3

ஆகவே அப்பாவு.

வயது எழுபதை ஒட்டியிருக்கும். லகாட்டுக்கு உள்ளே, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில் வீடு. தோட்டத்தை விற்றார்கள். மரங்களை வெட்டினார்கள். பாதி நிலத்தில் செம்பனை வந்தது, மீதியில் புதிய வீடுகள் வரப்போவதாக அறிவிப்பு வந்தது, அறிவிப்பு துருப்பிடித்து விழுந்தது. பழைய தொழிலாளர் வீடுகளில் மூன்றில் மட்டும் இன்னும் ஆள் இருக்கிறது. தோட்டத்து ஜெனரேட்டர் தந்த மின்சாரம் தோட்டத்தோடு போய்விட்டது. புது இணைப்பு வாங்க நிலம் யாருடையது என்று சொல்ல வேண்டும். அது நீதிமன்றத்துக்கே இன்னும் தெரியவில்லை.

அப்பாவு பால்வெட்டியவர்தான். ஆனால் லகாட்டில் யாரைக் கேட்டாலும் "சங்கத்து அப்பாவு" என்றுதான் சொல்வார்கள். தொழிலாளர் சங்கத்தின் கிளைத் தலைவராக இருந்தார். தோட்ட நிர்வாகியான தொரையின் அறையில் மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்து உட்கார்ந்து, அந்த மனிதர் பசி தாங்காமல் சம்மதிக்கும்வரை பேசி, எல்லோருக்கும் மழைக்கோட்டு வாங்கித் தந்தவர். தோட்டம் போன பிறகு கிளை இல்லை, தொழிலாளர் இல்லை, கோரிக்கை வைக்க ஒரு தொரைகூட இல்லை. தலைவர் மட்டும் மிச்சம்.

அவருடைய மனைவி வீரம்மா தோசை மாவு அரைத்து விற்கிறார். இடுப்புயரக் கிரைண்டர், வாடகை ஜெனரேட்டர், அதன் புகை, அதன் சத்தம். மாவு ஈப்போவுக்கு, நஜ்முதீன் கடைக்குப் போகும். அந்த வீடு சாப்பிடுவது அந்த மாவால்தான். இந்தக் கதையில் ஆபத்தில் இருப்பதும் அதுதான். நான் வாரப் பத்திரிகைக்காரி. எது ஆபத்தில் இருக்கிறது என்பதை ஒளித்துவைத்து உங்களைத் தேடவிட மாட்டேன்.

இன்னும் ஒரே ஒருவர் பாக்கி. நஜ்முதீனின் மகள் மெஹ்ரீன். ஜெலாப்பாங்கில் ஒரு சிறிய கம்பெனியில் பொறியாளர். அந்தக் கம்பெனி புதுவகைச் சூரியப் பலகை செய்கிறது. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிற பலகை வெளியே, வெயிலில், மழையில், உண்மையான ஒரு மெஷினை ஓட்டுமா என்று பார்க்க அவர்களுக்கு ஒரு கூரை தேவைப்பட்டது. மெஹ்ரீனுக்கு ஒரு கூரை தெரியும். சின்ன வயதிலிருந்து அந்தக் கூரைக்குக் கீழே அரைத்த மாவைத்தான் அவர் தின்றிருக்கிறார்.*

* பத்திரிகை ஆசிரியர் சுகுமாரன், மெஹ்ரீனுக்கு ஒரு காதல் வைக்கச் சொன்னார். மெஹ்ரீனிடமே கேட்டேன். இந்த மாதம் முடியாது என்றார்.

4

இங்கே கொஞ்சம் அறிவியல் வருகிறது. "மூணு வரிக்கு மேல போனா நம்ம ஆளுங்க ராசிபலனுக்குப் போயிடுவாங்க" என்று ஆசிரியர் எச்சரித்திருக்கிறார். ஆகவே மெஹ்ரீன் வீரம்மாவுக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன்.

நாம் வழக்கமாகப் பார்க்கும் சூரியப் பலகை சிலிக்கானை உருக்கி, வளர்த்து, அறுத்துச் செய்வது. இது வேறு. இதில் வெயிலை மின்சாரமாக்குவது பெரோவ்ஸ்கைட் என்ற படிகம். அதற்கான பொருள்களைக் கரைத்து, கண்ணாடிமேல் ஊற்றி, மெல்லிசாகப் பரப்பி, சூடு காட்டுகிறார்கள். ஊற்றும்போது மஞ்சளாக இருக்கும். சூடு பட்டதும் கறுத்துவிடும்.

"தோசை," என்றார் வீரம்மா.

"தோசையேதான் ஆன்டி. முடியைவிட மெல்லிசு, அவ்ளோதான்."

அந்தப் படிகத்துக்கு மேலும் கீழும் இன்னும் மெல்லிய படலங்கள் உண்டு. அதில் ஒன்று கரிமக் குறைக்கடத்தி. பிளாஸ்டிக்குக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் மின்சாரம் கடத்தத் தெரிந்தது. படிகம் உண்டாக்குவதை வாங்கி வெளியே அனுப்புவது அதன் வேலை. அதுவரை நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அப்பாவு இதைக் கேட்டுத் தலையைத் தூக்கினார்.

"அப்ப நடுவுல ஒரு மண்டோரு இருக்கான்."

மண்டோர் என்றால் தோட்டத்தில் ஆட்களிடம் வேலை வாங்கித் தொரையிடம் கணக்குச் சொல்பவர். மெஹ்ரீனுக்கு உவமை பிடித்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஆமாம் என்று சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது.

இன்னொரு விஷயம். இந்தப் படிகத்துக்கு ஈரம் ஆகவே ஆகாது. சூடும் ஈரமும் சேர்ந்து உள்ளே போனால் கறுத்தது மறுபடியும் மஞ்சளாகிவிடும். அதனால் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து ஓரம் முழுக்கப் பசையால் அடைத்திருந்தார்கள்.

"சுட்ட தோசை திரும்ப மாவாகுமா?" என்று வீரம்மா கேட்டார்.

"இதுல ஆகும் ஆன்டி. அதான் எங்களுக்கு ரொம்ப சூசா, பெரிய தலவலி. நம்ம ஊரு மழைக்கு அந்தப் பசை தாங்குதான்னு பாக்கத்தான் உங்க கூரை."

5

முதல் சில வாரங்கள் கதைக்கு உதவாத அளவுக்கு நன்றாக நடந்தன. கூரையில் பன்னிரண்டு பலகைகள். ஜெனரேட்டர் திரும்பிப் போயிற்று. கிரைண்டர் ஓட, பக்கத்தில் முக்காலி போட்டு வீரம்மா வாரப் பத்திரிகை படித்தார்.

மீட்டரைப் பார்த்து மெஹ்ரீனுக்குப் போனில் சொல்வது அப்பாவுவின் பொறுப்பு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. காலையில் நன்றாக இருப்பது மாலையில் கொஞ்சம் குறைவதையும், மறுநாள் காலை மறுபடி ஏறிவிடுவதையும் அவர் கவனித்தார். ஏன் என்று மெஹ்ரீனிடம் கேட்டார். மெஹ்ரீன் அப்போது வேலைக்கு நடுவில் இருந்தார். சுருக்கமாகச் சொன்னார்.

"ஒண்ணுமில்ல அங்கிள். நாள் முழுக்க வெயில்ல நின்னா கொஞ்சம் டயர்டு ஆகும். ராத்திரி இருட்டுல ரெஸ்ட் கெடச்சா காலைல சரியாயிடும். இந்த வகையோட குணமே அதான்."*

அப்பாவு போனை வைத்துவிட்டு உள்ளே போய்ச் சட்டையை மாற்றினாராம். இதை எனக்குச் சொன்னது வீரம்மா. "சங்கத்து வேலைக்கு மட்டுந்தான் அவரு பகல்ல சட்டைய மாத்துவாரு," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூரை முழுவதும் நீலத் தார்ப்பாய் விரித்திருந்தது. நாலு பக்கமும் கயிறு போட்டு இறுக்கமாகக் கட்டியிருந்தார். அடியில் கிரைண்டர் சும்மா நின்றது.

இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின்மீதே சந்தேகம் வந்தது. "அப்பாவுவுக்குக் கொஞ்ச நாளாகவே புத்தி" — என்று ஒரு வாக்கியம் எழுதினேன். அப்படி எழுதிவிட்டால் கதை சுலபமாக முடியும். நேரில் பார்த்த பின் முடிக்க முடியவில்லை. பலகைக்கு உயிர் இல்லை என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"உசிரு இருக்கான்னு நான் கேக்கவே இல்ல தங்கச்சி," என்றார். "டயர்டு ஆகுதான்னு கேட்டேன். ஆகுதுன்னு இன்ஜினியரே சொல்லிட்டாங்க. டயர்டு ஆகுற எதுக்கும் ஆஃப் டே உண்டு. அதுக்குத்தான் நாங்க அந்தக் காலத்துல வெயில்ல நின்னோம். இப்ப என் கூரையிலயே நடக்குது, நான் கண்ண மூடிக்கணுமா?"

"ஆனா அண்ணே, பலகை" — என்று ஆரம்பித்தேன். (வாக்கியத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.)

* இது உண்மைதான். படிகத்துக்குள் சில துகள்கள் வெளிச்சத்தில் இடம் மாறுகின்றன, இருட்டில் பெரும்பாலும் பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. இதைப்பற்றி நீளமான ஆராய்ச்சிக் கட்டுரைகள் இருக்கின்றன. மெஹ்ரீன் காட்டினார். 'டயர்டு' என்று எதிலும் இல்லை.

6

பேச்சுவார்த்தை அப்பாவுவின் வீட்டு முன்னறையில் நடந்தது. கம்பெனி சார்பில் மெஹ்ரீன், தோசை சார்பில் நஜ்முதீன், பலகைகள் சார்பில் அப்பாவு. நான் இல்லை. பிறகு கல்லாவில் வைத்து நஜ்முதீன் எனக்கு நடித்துக் காட்டினார். டிஷ்யூ பெட்டி அப்பாவு, மிளகுத்தூள் புட்டி மெஹ்ரீன். தப்பாகச் சொன்ன இடங்களை மெஹ்ரீன் திருத்தினார்.

அப்பாவு கேட்டது அதிகம் இல்லை. ஞாயிறு விடுமுறை. பொது விடுமுறைகள், தைப்பூசமும் சேர்த்து. உச்சி வெயிலில் ஒரு மணி நேர ஓய்வு. மழை நாளில் வெளிச்சம் வராதது தொழிலாளியின் குற்றம் அல்ல என்பதால் அன்று வேலைக்கு வந்ததாகவே கணக்கு. மெஹ்ரீன் பொறுமையாக விளக்கினார். இருட்டுதான் தேவை, அது ராத்திரியில் தானாகக் கிடைக்கிறது, பகலில் மூட வேண்டியதே இல்லை என்றார்.

அப்பாவு தலையை ஆட்டினார்.

"தூங்குறது வேற, லீவு வேற. ராத்திரி தூங்க விட்டோம்லன்னு எந்தத் தொரையும் பெருமைப்பட்டுக்க முடியாதும்மா."

அப்போதுதான் நஜ்முதீன் ஒரு கேள்வி கேட்டார். சமாதானமாகப் போகும் என்று நினைத்துக் கேட்டாராம். சங்கம் சரி, தொழிலாளி சரி, முதலாளி யார்?

கம்பெனி முதலாளி இல்லை என்றார் மெஹ்ரீன். பலகை கம்பெனியுடையது, ஆனால் இரவல் கொடுத்திருக்கிறது. கம்பெனிக்கு வருவது மீட்டர் எண் மட்டும். நஜ்முதீன் தானும் இல்லை என்றார். மாவு வாங்குவதோடு சரி, பலகையின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. பிறகு மூன்று பேரும் பின்பக்கக் கொட்டகையைப் பார்த்தார்கள். அங்கே கிரைண்டர் இருந்தது.

அப்பாவு தொண்டையைச் செருமினார். "சங்கத்துல சொந்தபந்தம் பாக்கக் கூடாது," என்றார். "வேல வாங்குறது வீரம்மா. அப்ப தொரை வீரம்மாதான்."

சரியாக அந்த நேரத்தில் வீரம்மா டீத் தட்டோடு உள்ளே வந்தார். (இதை நான் கதைக்காகச் சேர்த்தேன் என்று நினைக்காதீர்கள். தந்தையும் மகளும் தனித்தனியாகச் சத்தியம் செய்தார்கள்.) யார் தொரை என்று கேட்டார். சொன்னார்கள். முழங்கை வரை உளுந்து மாவு காய்ந்திருந்த தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, காலி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப தொரைக்கு யாராச்சும் டீ ஊத்துங்க."

யாரும் அசையவில்லை. கடைசியில் தொழில் பழக்கத்தில் நஜ்முதீன் ஊற்றினார்.

உச்சி வெயில் ஓய்வு விட்டுக்கொடுக்கப்பட்டது. ஞாயிறும் பொது விடுமுறையும் நின்றன. தொரையின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. நான் தோசை கேட்டுப் போய் உட்கார்ந்தது அதற்கடுத்த ஒரு திங்கட்கிழமை.

7

இனி ஒரு விபத்து வேண்டும். வாரப் பத்திரிகையில் விபத்து என்றால் வழக்கமாக லாரி. இதில் தார்ப்பாய்.

சேர்ந்தாற்போல் இரண்டு நாள் விடுமுறை வந்தது. மழையும் வெயிலும் மாறி மாறி அடித்தன. இறுக்கிக் கட்டிய தார்ப்பாய்க்கு அடியில் தண்ணீர் புகுந்து, காற்றுப் போகாமல், ஆவி கட்டி நின்றது. மூன்றாம் நாள் அப்பாவு ஏணிவைத்து ஏறித் தார்ப்பாயை விலக்கினார். நாலு பலகைகளில் ஓரமெல்லாம் மஞ்சள். கீழே கிரைண்டர் முனகியது, கல் நகரவில்லை.

அப்பாவு உடனே மெஹ்ரீனைக் கூப்பிட்டார். நாலு பேருக்கு மஞ்சள் காமாலை மாதிரி இருக்கிறது, எம்சி வேண்டும் என்றார். எம்சி என்றால் நம் ஊரில் டாக்டர் தரும் மருத்துவ விடுப்பு. மலேசியாவில் பிறந்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை, சிங்கப்பூர் வாசகருக்கும் தேவையில்லை, தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிக்கும் இரண்டு பேருக்காகச் சொல்கிறேன்.

ஜெலாப்பாங்கிலிருந்து மெஹ்ரீன் வந்தார். ஏறிப் பார்த்தார். இறங்கி, ஏணியின் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க ரெஸ்ட் குடுக்கல அங்கிள்," என்றார். "வேக வச்சிட்டீங்க."

"இட்டிலி மாதிரியா?" என்று வீரம்மா கேட்டார்.

"இட்டிலி மாதிரிதான் ஆன்டி."

அப்பாவு வேலையிடத்து விபத்துக்கு நஷ்டஈடு உண்டா என்று மெல்லக் கேட்டார். விபத்தைச் செய்ததே சங்கம்தான் என்று மெஹ்ரீன் சொன்னார். அந்த நாலு பலகைகளையும் கையுறை போட்டுக் கழற்றி, பையில் கட்டி எடுத்துக்கொண்டார். அந்த மஞ்சளில் ஈயம் இருக்கிறது; யாரும் தொடக் கூடாது.

எட்டுப் பலகைகள் மிஞ்சின; அவற்றை மட்டும் தனியாக இணைத்துவிட்டுப் போனார். கம்பெனியில் மெஹ்ரீனுக்கு நல்ல பேச்சு விழுந்தது. வருகிற ஞாயிறும் மீட்டர் சும்மா இருந்தால் மிச்சத்தையும் கழற்றிக் கொண்டுவந்துவிடு என்று சொல்லிவிட்டார்கள். நஜ்முதீனும் வந்து, வாசலிலேயே நின்று, தலையைச் சொறிந்துகொண்டு பேசினார். தோசைக்கு வருகிறவர்கள் பக்கத்துக் கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். பாக்கெட் மாவு விற்கும் ஒருவர் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. இந்தத் திங்கக்கிழம மாவு வரலன்னா நான் அவர வரச் சொல்லிருவேன்."

ஆக, ஞாயிற்றுக்கிழமை பலகை வேலை செய்ய வேண்டும், கிரைண்டர் ஓட வேண்டும், மாவு புளிக்க வேண்டும். இல்லாவிட்டால் கூரையும் போகும், கடையும் போகும். ஞாயிறு ஆஃப் டே. தலைவர் கையெழுத்துப் போடாத குறையாகச் சாதித்த ஆஃப் டே. கதாசிரியைக்கு இதைவிட நல்ல இக்கட்டு கிடைக்காது என்று சந்தோஷப்பட்டேன். சந்தோஷம் சனிக்கிழமை வரை நீடித்தது.

8

சனிக்கிழமை மதியம் இதுவரை எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டப் போனேன். அப்பாவுவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மழைக்கோட்டு பற்றிய வரியை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார்.

வீரம்மா கிரைண்டரைக் கழுவிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"உன் தொடரு படிக்கிறேன் தங்கச்சி. நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த வீட்டுல யாரு சமைக்கிறாங்கன்னே தெரியல. எல்லாம் உக்காந்து அழுவுதுங்க, அப்புறம் எங்கிருந்தோ சோறு வந்துருது."

நான் தாள்களை அடுக்கிக்கொண்டேன்.

"சரி, இந்தக் கதைல நான் எங்க இருக்கேன்?"

இருக்கிறீர்களே அக்கா என்றேன். டீத் தட்டு வருகிற இடம், இட்டிலி வருகிற இடம்.

"பேனலுக்கு ரெண்டு பக்கம். மண்டோருக்குக்கூட அஞ்சாறு வரி. எனக்கு மாவாட்டுறேன்னு ஒரு வரி, அதையும் அடிச்சிட்ட."

அப்பாவு சிரித்தார். அவர் சிரித்ததால்தான் அடுத்த கேள்வி அவர் பக்கம் திரும்பியது என்று நினைக்கிறேன்.

"ஏங்க, ஒரே நாள்ல ரெண்டு பேரு லீவு கேட்டா சங்கத்துல யாருக்குக் குடுப்பீங்க?"

"மூத்த தொழிலாளிக்குத்தான்," என்றார் அப்பாவு, யோசிக்காமல். "அது எல்லாத் தோட்டத்துலயும் உள்ள சட்டம்."

"பேனலு எப்ப வந்துச்சு?"

"இந்த வருசம்."

"நான் எப்ப வந்தேன்?"

அப்பாவுவின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது. நீ தொரையாச்சே என்று மட்டும் சொன்னார். அது அவருக்கே பலமாகப் படவில்லை.

"தொரைன்னு நீங்கதான் சொன்னீங்க. எந்தத் தொரை விடியக்காலைல எந்திரிச்சு உளுந்து கழுவுனாரு? நான் டயர்டு ஆகுறேனா இல்லையான்னு அந்த இன்ஜினியர் பொண்ணக் கேளுங்க. மீட்டர் வச்சுப் பாக்கச் சொல்லுங்க."

வேறொருவராக இருந்தால் கோபப்பட்டிருப்பார், அல்லது பேச்சை மாற்றியிருப்பார். அப்பாவுவை நான் நையாண்டியாக எழுதிக்கொண்டு வந்தேன்; அந்த இடத்தில் எனக்குக் கை நின்றது. அவர் எழுந்து உள்ளே போனார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

"பாக்கி எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார்.

"கல்யாணத்துலேருந்து எல்லா ஞாயித்துக்கிழமையும்."

விரலை மடக்கி எண்ணப் பார்த்தார். பாதியில் கையைக் கீழே போட்டுவிட்டார்.

"நியாயந்தான்," என்றார், சன்னமாக. "சங்கம் ஒத்துக்குது."

"அப்ப நாளைலேருந்து லீவு."

மாவு? அப்பாவுவும் நானும் ஒரே நேரத்தில் கேட்டோம். வீரம்மா அதற்குள் வாரப் பத்திரிகையைப் பிரித்துவிட்டார்.

9

சனி மாலை வீட்டுக்கு வந்து முடிவு எழுத உட்கார்ந்தேன்.

முடிவு அ. ஞாயிறு காலை. கணவர் தடுமாறுவதைப் பார்த்து வீரம்மாவின் மனம் இளகுகிறது. "தள்ளுங்க" என்று சொல்லி அவரே கிரைண்டரில் கைவைக்கிறார். கண்களில் — (நான் வழக்கமாக எழுதுவது இதுதான். என் கை தானாகவே எழுதிவிட்டது. இதில் வீரம்மா வேலை செய்கிறார். அவர் லீவு.)

முடிவு ஆ. கம்பெனி முதலாளி நேரில் வருகிறார், எட்டுப் பலகைகள் எப்படி ஓடுகின்றன என்று வியக்கிறார், புதிதாக நாலு தருகிறார். வந்தவரை உட்காரவைத்து — (யார் டீ போடுவது?)

முடிவு இ. மாவு வரவில்லை. பாக்கெட் மாவு வந்துவிடுகிறது. வீரம்மா காலிக் கிரைண்டரைத் தடவி அழுகிறார். (அழுவதும் வேலைதான். சந்தேகம் இருந்தால் என் தொடரில் வாரா வாரம் அதைச் செய்கிறவர்களைக் கேளுங்கள்.)

முடிவு ஈ. வீரம்மா பஸ் ஏறித் தஞ்சோங் மாலிமில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுகிறார். (போனில் கேட்டேன். தங்கை வீட்டுக்குப் போனால் அங்கேயும் கரண்டி கைக்கு வந்துவிடும் என்றார்.)

எந்த முடிவை எழுதினாலும் அதில் வீரம்மா எதையாவது செய்தாக வேண்டியிருக்கிறது. மன்னிக்க வேண்டும், சிரிக்க வேண்டும், குறைந்தபட்சம் வாசலில் நின்று பெருமூச்சாவது விட வேண்டும். என்னால் ஒரு வேலையும் வாங்காமல் ஒரு பெண்ணைக் கதைக்குள் உட்காரவைக்க முடியவில்லை. ஆசிரியர் போன் செய்து முடிவு எங்கே என்று கேட்டார். பாத்திரம் விடுப்பில் இருக்கிறது என்றேன். உடம்பு சரியில்லையா என்று என்னைக் கேட்டார்.

10

ஆகவே இது முடிவு இல்லை. ஞாயிறு காலை நான் பார்த்தது மட்டும்.

மூத்த தொழிலாளி விடுப்பில் போய்விட்டதால், சட்டப்படி இளைய தொழிலாளிகளின் விடுப்பு தள்ளிவைக்கப்பட்டது. அப்பாவுவே கூரைக்கு ஏறி, பலகைகளைப் பார்த்து, இன்றைக்கு வேலை உண்டு என்று உரக்க அறிவித்துவிட்டு இறங்கினார். எட்டும் கறுப்பாக, சுத்தமாக, வெயிலை வாங்கிக்கொண்டிருந்தன.

நீலத் தார்ப்பாய் இப்போது இரண்டு ரம்புத்தான் மரங்களுக்கு நடுவில் கட்டப்பட்டிருந்தது. அடியில் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் வீரம்மா. காலை இன்னொரு நாற்காலியில் தூக்கிப் போட்டிருந்தார். கையில் வாரப் பத்திரிகை.

கொட்டகையில் அப்பாவு. அவரே ஊறவைத்த அரிசியும் உளுந்தும் தயாராக இருந்தன. அளவு சரியா என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. சட்டை முழுவதும் மாவு. எட்டுப் பலகைகளுக்குக் கிரைண்டர் முன்போல் ஓடவில்லை. யோசித்து யோசித்துச் சுற்றியது. ஆனால் சுற்றியது. மெஹ்ரீன் மீட்டருக்குப் பக்கத்தில் நின்று குன்றுகளின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு கரிய மேகம் உட்கார்ந்திருந்தது. அது இந்தப் பக்கம் வருவதற்குள் அரைத்து முடிக்க வேண்டும் என்றார்.

அப்பாவு திடீரென்று கையை உயர்த்தினார்.

"உப்பு எப்பப் போடணும்? அரைக்கும்போதா, அரைச்சு எடுத்தப்புறமா?"

என்னைப் பார்த்தார். எனக்குத் தோசை தெரியும், மாவு தெரியாது. மெஹ்ரீனைப் பார்த்தார். படிகத்தில் எதை எப்போது ஊற்ற வேண்டும் என்று நொடிக்கணக்கில் தெரிந்த மெஹ்ரீன் நகத்தைக் கடித்தார். நஜ்முதீனுக்குப் போன் போட்டோம். கல்லில் ஊற்றுவதிலிருந்துதான் தனக்குத் தெரியும் என்றார். பிறகு நாங்கள் மூன்று பேரும், வேண்டாம் என்று தெரிந்தும், தார்ப்பாய்ப் பக்கம் திரும்பினோம்.

வீரம்மா ஒரு பக்கம் புரட்டினார்.

இதற்குமேல் நான் எழுதவில்லை. வாசகரே, உங்களில் பலருக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். பல வருடமாகத் தெரியும். யாரும் உங்களிடம் கேட்டதில்லை. கொட்டகைக்குள் போய் அப்பாவுவிடம் சொல்லுங்கள். உப்பு, அளவு, எப்போது, கையால் எத்தனை தடவை கலக்க வேண்டும் எல்லாம். மேகம் இன்னும் குன்றைத் தாண்டவில்லை, நேரம் இருக்கிறது. திங்கட்கிழமை தோசை உண்டா இல்லையா என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

போகிற வழியில் தார்ப்பாய்க்கு அடியில் ஒருவர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். அவரிடம் எதுவும் கேட்காதீர்கள்.